சுரங்கம் வந்தால் நிலம் தாழுமா?



போன வாரம் தம்பி மகன் போன் செய்தான். "அத்தை, வடசேரியில சுரங்கம் வரும்னாங்களே, திரும்ப வந்தா நிலம் உள்வாங்கிடுமாம். தாத்தா நிலத்தை இப்பவே வித்துடலாமா?" என்றான். போனில் சொல்லி முடியவில்லை. எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

2023 மார்ச் கடைசியில் வந்த மத்திய அரசின் ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்குப் பகுதி என மூன்று பழுப்பு நிலக்கரி இடங்கள் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரலிலேயே நீக்கிவிட்டார்கள்.

நிலம் தாழ்வது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஜார்க்கண்டில் ஜாரியா என்ற ஊர் இருக்கிறது. அங்கே நிலக்கரிக்கு மேல் கெட்டியான மணற்பாறை. பூமிக்குள் அறை அறையாக வெட்டி, இடையில் நிலக்கரியையே தூண்களாக விட்டுவைத்தார்கள். தூண் நொறுங்கினால் மேலே உள்ள பாறை உடைந்து இறங்கும். ஆழம் குறைவு என்றால் வீட்டு வாசலில் திடீரென்று குழி விழும். ஆழம் அதிகம் என்றால் தாம்பாளம் போலப் பரவலாகத் தாழும். 1916 முதல் அங்கே பூமிக்குள் நெருப்பும் எரிகிறது. அது தூண்களையும் தின்கிறது.

நம் பக்கம் கதை வேறு. நெய்வேலியில் அப்படிப்பட்ட பாறைக் கூரை கிடையாது. மணல், களிமண், மணற்கல் என்று மாறி மாறி அடுக்கு. அதனால் மேலிருந்தே திறந்து தோண்டுகிறார்கள். ஆனால் நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இரவு பகலாக இறைக்காவிட்டால் குழியின் தரை பிளந்து தண்ணீர் பீறிடும்.

அங்கேதான் கவனிக்க வேண்டும். கழுவப் போட்ட தட்டுகள் தொட்டியில் தாறுமாறாகக் கிடந்தால் நிறைய இடம் பிடிக்கும். அடுக்கிவிட்டால் பாதிகூட ஆகாது. களிமண் துகள்களும் தட்டையானவை. இடையில் உள்ள நீர் வெளியேறினால், மேலே உள்ள பாரத்தில் படிந்து அடுக்காகிவிடும். பிறகு மழை எவ்வளவு பெய்தாலும் பழையபடி எழும்பாது. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் நிலம் தாழ்ந்தது சுரங்கத்தால் அல்ல. பாசனத்துக்காக நீர் இறைத்தே, 1925 முதல் 1977க்குள் ஓரிடத்தில் தரை சுமார் 9 மீட்டர் இறங்கிவிட்டது.

டெல்டாவில் அவ்வளவு தாழ வேண்டியதில்லை. கல்லணைக்குக் கீழே நம் வாய்க்கால்கள் எல்லாம் மோட்டார் இல்லாமல், சரிவை நம்பித்தான் ஓடுகின்றன. அந்தச் சரிவே மிகக் குறைவு. நடுவில் ஓரடி தாழ்ந்தால் மேட்டில் தண்ணீர் ஏறாது, பள்ளத்தில் வடியாது. கடலோரத்தில் நீர்மட்டம் இறங்கினால் உப்புநீரும் உள்ளே வரும்.

2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சைக்குப் பாதுகாப்பு. ஆனால் மைக்கேல்பட்டி இருக்கும் அரியலூர் மாவட்டத்தை அதில் சேர்க்கவில்லை. நிலத்தடி நீருக்கு மாவட்ட எல்லை தெரியுமா?

தம்பி மகனுக்குச் சொன்னேன்: பயந்து விற்காதே. மறுபடி பேச்சு வந்தால் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போய்க் கேள். களிமண் எத்தனை அடி? தினமும் எவ்வளவு நீர் இறைப்பீர்கள்? நீர்மட்டம் எத்தனை கிலோமீட்டர் வரை இறங்கும்? நிலம் தாழ்வதை யார், எத்தனை ஆண்டு அளப்பார்கள்? பதிலை எழுத்தில் வாங்கு.

மண்ணியல், பொறியியல் படித்த என் மாணவர்கள் கீழே இன்னும் விளக்கி எழுதுங்கள். உங்கள் ஊர் போர்வெல்லில் இப்போது எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்