விமானம் கட்டுற டாக்டர் மறந்துபோன ஊசி (த்ரெட்)

1/ கொஞ்சம் நீளமான த்ரெட். தப்பு என் மேலதான். லீவுக்குக் குழந்தைகளோட ஊருக்குப் போறவங்க கடைசி வரை படிங்க.

2/ ஒஹாயோவில் எங்க வீட்டு கராஜில் கார் நிக்காது. நாலு வருஷமா அங்க ஒரு விமானம் கட்டிட்டு இருக்கேன். வேன்ஸ் ஆர்வி-10. நாலு சீட், நாங்களும் நாலு பேர். பாகங்கள் அலுமினியத் தகடா பெட்டியில வரும். ஓரத்தைத் தேய்ச்சு, ரிவெட் அடிச்சு நாமதான் சேர்க்கணும். பாதிக்கு மேல வேலையைப் பொழுதுபோக்கா நாமே செஞ்சாதான் எஃப்ஏஏ அதை வீட்டில் கட்டின விமானம்னு ஏத்துக்கும்.

3/ "டாக்டர், நேரம் எப்படிக் கிடைக்குது?"ன்னு கேப்பாங்க. கிடைக்காது. எங்கிருந்தாவது எடுக்கணும். பிள்ளைங்க தூங்கினப்புறம் 2 மணி நேரம். ரைட் சகோதரர்களும் எங்க மாநிலத்து டேட்டன்ல இருந்தவங்கதான். என் மனைவி சொல்லுவாங்க: "அவங்க ரெண்டு பேரும் கல்யாணமே பண்ணிக்கலை. அதான் சீக்கிரம் பறந்துட்டாங்க."

4/ போன டிசம்பர்ல அப்பாவுக்கு 70 முடிஞ்சுது. திருநெல்வேலியில பீமரத சாந்தி. ஜூலையிலேயே டிக்கெட் போட்டாச்சு, வேலையையும் பிரிச்சுக்கிட்டோம். பாஸ்போர்ட், ஓசிஐ, ஸ்கூல் லீவு, சாமான் வாங்குறது, பெட்டி கட்டுறது எல்லாம் அவங்க. பிள்ளைங்க ஊசி, மருந்து மட்டும் நான். "வீட்லயே டாக்டர் இருக்கும்போது எனக்கென்ன கவலை"ன்னாங்க.

5/ அப்போ இறக்கையில பெட்ரோல் டேங்க் வேலை ஓடிட்டு இருந்தது. ஒவ்வொரு இணைப்பிலயும் சீலன்ட் தடவித்தான் ரிவெட் அடிக்கணும். ரெண்டு பசையைக் கலக்கணும். கலந்துட்டா நான் வாங்கினதுக்கு 2 மணி நேரம்தான் கெடு. குளிர் கூடிட்டா இறுகவும் நாளாகும். அதனால ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள டேங்கை முடிச்சிடணும்னு ஒரு வெறி.

6/ ரிவெட் அடிக்க ரெண்டு பேர் வேணும். வெளியே ஒருத்தர் கன் பிடிக்கணும், உள்ளே ஒருத்தர் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்கணும். அன்னைக்கு ராத்திரி கட்டை மனைவி கையில. பாதி வேலையில கேட்டாங்க: "என்னங்க, பிள்ளைங்களுக்கு டைஃபாய்டு ஊசி எப்போ போட்டீங்க?"

கன்னை நிறுத்தினேன். போடலை. கிளம்ப 8 நாள்தான் இருந்தது.

7/ டைஃபாய்டு ஊசி கிளம்புறதுக்குக் குறைஞ்சது 2 வாரம் முன்னாடி போடணும். அதுக்கப்புறம்தான் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும்னு நம்பலாம். இதை என் பேஷன்ட்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்.

விமானிகளுக்கு விஎஃப்ஆர்னா கண்ணால பாத்துப் பறக்கிற விதி. பயண மருத்துவத்தில விஎஃப்ஆர்னா சொந்தபந்தத்தைப் பார்க்கப் போறவங்க. டைஃபாய்டும் மலேரியாவும் சுற்றுலாப் பயணிகளை விட இவங்களுக்குத்தான் அதிகம் வருது. "நம்ம ஊர்தானே"ன்னு ஊசி போடாம போறது ஒரு முக்கியக் காரணம். ரெண்டு விஎஃப்ஆரும் தெரிஞ்ச நான்தான் மறந்தேன்.

8/ அவங்க கத்தலை. "பசை காயுது, அடிங்க"ன்னாங்க. வேலை முடிஞ்சு கை கழுவும்போது சொன்னாங்க: "எந்தத் தேதியில எந்த ரிவெட் அடிச்சீங்கன்னு நோட்டு போட்டு எழுதி வெச்சிருக்கீங்க. அதுல பிள்ளைங்க பேரு எங்கயாவது இருக்கா?"

இல்லை.

9/ மறுநாள் காலையிலேயே ஊசி போட்டாச்சு. ஆனா 14 நாள் ஆக வேண்டிய இடத்துல 7 நாள்தான். அதனால ஊர்ல முதல் வாரம் கெடுபிடி. கொதிக்க வெச்ச தண்ணி, சூடான சாப்பாடு மட்டும். ஐஸ், ஜூஸ், வெட்டி வெச்ச பழம் எதுவும் கிடையாது. விழா அந்த வாரத்துலதான். மண்டபத்துல எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஐஸ்க்ரீம் குடுத்தாங்க. என் 5 வயசு மகன் கையைக் கட்டிட்டுப் பாத்துட்டு நின்னான். மாலையும் கழுத்துமா இருந்த அப்பா, தனக்கு வந்த கப்பைத் திருப்பிக் குடுத்துட்டு, "தாத்தாவுக்கும் வேண்டாம்டா"ன்னு அவனைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டார். எனக்குத் தலை நிமிரலை.

10/ யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அதை வெச்சு நான் செஞ்சது சரின்னு ஆகாது, தப்பிச்சோம், அவ்வளவுதான். நம்ம ஊர் டைஃபாய்டு கிருமிகிட்ட சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி பழைய மருந்து இப்போ பெரும்பாலும் எடுபடுறதில்லை.

11/ இப்போ விமான நோட்டுல முதல் பக்கம் வீட்டுக்கு. பயணத் தேதி, ஊசித் தேதி, பள்ளி விழா எல்லாம் அதுல. கிளம்ப 4 வாரம் இருக்கும்போதே சீலன்ட் டப்பாவை மூடிடுவேன். திரும்பி வந்து, வசந்தத்துல டேங்கை முடிச்சோம். கசிவு பாக்க டேங்குல கொஞ்சம் காத்து அடைச்சு, வாயில பலூன் மாட்டி விடுவாங்க. மகன் பிறந்தநாள்ல மிஞ்சின பலூன்தான் மாட்டினோம். மறுநாள் பாத்தா பலூன் பாதி சுருங்கி இருந்தது. சோப்புத் தண்ணி தெளிச்சதுல, அன்னைக்கு ராத்திரி அவசரமா அடிச்ச வரிசையிலேயே நுரை வந்தது.

12/ சுருக்கமா:
- டிக்கெட் போட்ட அன்னைக்கே ஊசிக்கும் அப்பாயின்ட்மென்ட் போடுங்க. 4 முதல் 6 வாரம் முன்னாடி டாக்டரைப் பாருங்க.
- டைஃபாய்டு ஊசி 2 வயசுல இருந்து போடலாம். இங்க போடுற ஊசி 2 வருஷம்தான் தாங்கும்.
- ஊசி முழுக் கவசம் இல்லை. தண்ணியும் சாப்பாடும் கவனம்.
- மலேரியா மாத்திரை வேணுமான்னு, போற ஊர்ப் பேரைச் சொல்லிக் கேளுங்க.
- வீட்ல டாக்டர் இருந்தா இன்னொரு தடவை கேளுங்க.