கழித்தல் குறியின் இருபுறமும்

கணிதச் சமன்பாடு ஒன்றைக் கணினியில் கோக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் குறிகளைக் காட்டிலும் அவற்றுக்கிடையே விடவேண்டிய வெற்றிடமே அரிய வேலையாக அமைகிறது. ‘8 − 5’ என்று எழுதும்போது கழித்தல் குறி இரண்டு எண்களுக்கு நடுவே நிகழும் ஒரு செயலைக் காட்டுவதால் அதன் இருபுறமும் சிறிது இடம் வேண்டும். ‘−5’ என்று எழுதும்போது அதே குறி எண்ணின் தன்மையைச் சொல்வதால் எண்ணோடு ஒட்டி நிற்கவேண்டும். குறியின் வடிவத்தை மட்டும் அறிந்த கருவியால் இவ்வேறுபாட்டைத் தீர்மானிக்க இயலாது. அக்குறி அவ்விடத்தில் என்ன செய்கிறது என்பதும் அதற்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஈய எழுத்துகளால் அச்சுக்கோத்த காலத்தில் இந்த அறிவு கோப்பவரின் விரல்களில் இருந்தது. பின்னத்தின் தொகுதி, பகுதி, நடுக்கோடு, அடுக்கெண் ஆகியவற்றைத் தனித்தனியே பொருத்தவேண்டியிருந்ததால் கணிதம் மெதுவாகவும் மிகுந்த செலவோடும் அச்சேறியது. அதன்பின் ஒளிப்பட முறையில் எழுத்துக் கோக்கும் இயந்திரங்கள் பரவியபோது வேகம் கூடிற்று. பழைய நேர்த்தி உடன் வரவில்லை. அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் நூத், தம் நூலின் இரண்டாம் பாகத்து மறுபதிப்புக்காக 1977இல் வந்த மெய்ப்பைக் கண்டு மனம் நொந்து, ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைத் தாமே உருவாக்கத் தொடங்கியது இதனால்தான். அவர் செய்தவற்றுள் மிகவும் போற்றத்தக்கது, பழைய அச்சுக்கலைஞரிடமே பாடம் கேட்டதாகும்: சுவீடனின் ‘ஆக்டா மேத்தமேட்டிகா’, நெதர்லாந்தின் ‘இண்டகேஷனெஸ் மேத்தமேட்டிகே’ போன்ற இதழ்களின் பழைய பக்கங்களை எடுத்து, அடுக்கெண் எவ்வளவு உயர்கிறது, கீழ்க்குறி எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து பார்த்தார். எழுத்தின் அளவுக்கு இணையான அகலத்தை ‘எம்’ என்பர். அதை 18 கூறாக்கி, கூட்டல், கழித்தல் போன்ற செயற்குறிகளின் இருபுறமும் 4 கூறும், சமக்குறி போன்ற உறவுக்குறிகளின் இருபுறமும் 5 கூறும் டெக் விடுகிறது. மயிரிழையளவான அந்த ஒரு கூறுதான் நீண்ட சமன்பாட்டின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் கண் தயங்காமல் பிரித்தறியத் துணைசெய்கிறது.

பலரும் பயன்படுத்தும் ‘வேர்டு’ மென்பொருளில் சமன்பாடு நெடுங்காலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய ஒரு பெட்டியாகவே இருந்தது. அதை அமைத்த பழைய துணைநிரல் பாதுகாப்புக் குறையால் 2018 ஜனவரியில் நீக்கப்பட்டபோது, அதில் எழுதிய சமன்பாடுகள் பக்கத்தில் தெரிந்தும் திருத்த முடியாதனவாயின. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் அறிமுகமான புதிய வசதியோ சமன்பாட்டை உரையின் உறுப்பாகவே நடத்துகிறது. அதனுடன் வந்த ‘கேம்பிரியா மேத்’ எழுத்துரு, பின்னக்கோட்டின் தடிமன் முதலிய அளவுகளைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது.

இத்தனை இருந்தும், கழித்தல் குறிக்குப் பதில் அதனினும் குட்டையான இணைப்புக்கோட்டைத் தட்டிவிட்டு, அடுக்கெண்ணைக் கையால் மேலே தூக்கிவைத்து எழுதும் பழக்கம் நீடிப்பது வருந்தத்தக்கது. மாறிகளைச் சாய்வெழுத்திலும் சார்புகளின் பெயர்களை நேரெழுத்திலும் அமைப்பது மரபு. ‘சைன்’ என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளையும் சாய்த்துவிட்டால், அது எஸ், ஐ, என் என்னும் மூன்று மாறிகளின் பெருக்கற்பலனாகப் படிக்கப்படும். கோணத்தைப் பற்றிய கூற்று வேறொன்றாகிவிடும். பார்வையற்ற மாணவருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளும், முறையாகக் கட்டமைத்த பின்னத்தில்தான் தொகுதி எங்கே முடிந்து பகுதி எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்ல வல்லது. விளக்கவுரை ஏதுமின்றிப் படமாக ஒட்டிய பின்னத்தில் அதற்குக் கிடைப்பது அங்கே ஒரு படம் உள்ளது என்னும் செய்தி மட்டுமே.