கப்பல் ஏறிய தேசம்

அயர்லாந்தின் தென்கரையில் கோவ் என்றொரு சிறு துறைமுகம் இருக்கிறது. அங்கே ஒரு பெண்ணும் அவளுடைய இரு தம்பிகளும் வெண்கலச் சிலையாக நிற்கிறார்கள். 1892-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி, அமெரிக்காவின் எல்லிஸ் தீவில் முதன்முதலாகக் குடியேறிய ஆனி மூர் அவள். அரசருக்கும் வீரருக்கும் சிலை வைத்த ஊர்களை நாம் அறிவோம். பிழைக்கப் போனவளுக்குச் சிலை வைத்த ஊர் இது.

அந்நிய ஆட்சி தொலைந்தால் ஜனங்கள் கப்பல் ஏறுவதும் நின்றுவிடும் என்று ஐரிஷ் தேசபக்தர்கள் நம்பினார்கள். 1922-இல் சுதந்திர அரசு வந்தது, கப்பல்கள் நிற்கவில்லை. 1950-களில் மட்டும் சுமார் 4 லக்ஷம் பேர், பெரும்பாலும் இங்கிலாந்துக்கே, வேலை தேடிப் போனார்கள். இன்றைய குடியரசுப் பகுதியில் 1841-இல் 65 லக்ஷமாக இருந்த ஜனத்தொகை, 1961-இல் 28 லக்ஷமாகக் குறுகிவிட்டது.

சுதேசித் தொழில்களைக் காப்பதற்காக 1932 முதல் உயர்ந்த சுங்கவரிச் சுவரை எழுப்பியிருந்தார்கள். ஆலைகள் முளைத்தன; ஆனால் சிறிய உள்நாட்டுச் சந்தைக்கு மேல் அவை வளரவில்லை. 1958-இல் நிதி இலாகாக் காரியதரிசி டி. கே. விட்டேக்கர், ஏற்றுமதியைப் பெருக்கவும் அந்நிய மூலதனத்தை வரவேற்கவும் யோசனை கூறி ஓர் அறிக்கை தயாரித்தார். மறு வருஷம் பிரதம மந்திரியான ஷான் லெமாஸ் அவ்வழியில் சென்றார். முன்பு கைத்தொழில் மந்திரியாக இருந்து அந்தச் சுவரை எழுப்பியவரே அவர்தான்! தாம் கட்டியதைத் தாமே தளர்த்தும் மனத்துணிவு எத்தனை பேருக்கு வரும்?

கோவிலிருந்து வடக்கே சென்றால் ஷானன் விமான நிலையத்தை அடைகிறோம். அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் ஒரு காலத்தில் எண்ணெய் போட்டுக்கொள்ள இறங்கிய இடம். ஜெட் விமானங்கள் இங்கே இறங்காமலே பறந்துவிடும் என்ற கவலை எழுந்தபோது, 1959-இல் நிலையத்தை ஒட்டிச் சுங்கச் சலுகையுள்ள தொழிற்பேட்டை ஒன்றை அமைத்தார்கள். 1967-இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு இலவசமாயிற்று. 1973-இல் நாடு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது.

பாதை முழுதும் மலர் விரித்ததாக இல்லை. 2008-இல் வங்கிகள் சரிந்தன. 2010-இல் 8,500 கோடி யூரோ உதவித் திட்டம் தேவைப்பட்டது. வாலிபர்கள் மறுபடியும் வெளியேறினார்கள். ஆயினும் 2022-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் ஜனத்தொகை 51 லக்ஷத்தை எட்டியது. 1851-க்குப் பிறகு 50 லக்ஷத்தைத் தாண்டியது அதுவே முதல் தடவை.

நம் அரசியல் சட்டத்தின் வழிகாட்டிக் கோட்பாடுகளுக்கு அயர்லாந்தின் 1937-ஆம் வருஷச் சட்டமே முன்மாதிரி. கொள்கை வகுக்க அங்கே பாடம் கேட்ட நாம், பலன் தராத கொள்கையை மாற்றும் துணிவையும் அங்கேயே கற்கலாம்.