அச்சில் அடங்காதவை

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. வாகன உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறைகள் அங்கே தெருத்தோறும் உண்டு. அவற்றுள் ஒன்றில் என் தந்தையார் வேலை செய்தார். தகட்டை அச்சின்மேல் வைத்ததும் இயந்திரம் ஓங்கி அழுத்தும். ஒரே அளவில், ஒரே வடிவில் பொருள்கள் வந்து விழும். அச்சில் அடங்காமல் எஞ்சியதைக் கழிவுக்கூடையில் எறிவார்கள். ஆண்பிள்ளைகளையும் எங்கள் தெரு ஏறத்தாழ அவ்வாறே வளர்த்தது.

என் குரல் மெல்லியது. மட்டைப்பந்தில் எனக்கு நாட்டமில்லை. மார்கழி விடியலில் அம்மாவும் அக்காவும் கோலமிடும்போது உடன் அமர்ந்து இழை வளைப்பதே மகிழ்ச்சி. 21 புள்ளிக் கோலத்தையும் பிசகாமல் முடிப்பேன். "பொம்பள மாதிரி என்னடா இது?" என்று தெருவினர் நகைத்தனர். என் 13ஆம் வயதில் கோலமாவுக் கிண்ணத்தை அப்பா என் கையிலிருந்து வாங்கி வைத்தார். கடிந்துகொள்ளவில்லை. "நாலு பேர் பேசுறாங்கப்பா" என்று மட்டும் சொன்னார். பெண்ணாக வேண்டுமென நான் ஒருநாளும் விரும்பியதில்லை. ஆனால், 'ஆண்' என்று எல்லாரும் காட்டிய உருவத்தில் என்னைக் காணவும் இயலவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. திருமண மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சமைப்பவர் ஆண். கடைத்தெருவில் இரவிக்கை தைப்பவர் ஆண். துணி தேய்த்துத் தருபவரும் ஆண். அவர்களைப் பார்த்து எவரும் நகைப்பதில்லை. அதே வேலையைக் கூலியின்றி வீட்டில் செய்தால் அது 'பெண் வேலை' ஆகிவிடுகிறது. ஆகவே, இழிவு வேலையில் இல்லை. பெண்கள் செய்வதை மதிக்காத மனத்தில் இருக்கிறது. பெண்ணின் தாழ்வும் கேலிக்குள்ளாகும் சிறுவனின் வலியும் ஒரே வேரில் கிளைத்தவை. 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் நூலின் இறுதிக் கட்டுரைக்குப் பெரியார் 'பெண்கள் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும்' என்று தலைப்பிட்டதன் பொருள் அப்போது புரிந்தது. ஆண்கள் அழியவேண்டும் என்பதன்று அவர் கருத்து. வீரமும் விடுதலையும் ஆணுக்கே உரியவை என்னும் எண்ணம் அழியவேண்டும் என்பதே.

அந்த அச்சு என்னை மட்டும் நெரிக்கவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்புப் பயின்றபோது அப்பாவின் பட்டறை மூடப்பட்டது. அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போல் காலையில் சோற்றுப்பாத்திரத்துடன் புறப்பட்டு, அம்பத்தூர் இரயில் நிலையத்தில் மாலைவரை அமர்ந்திருந்து திரும்பினார். 40 நாள்களுக்குப்பின் அக்கம்பக்கத்தார் வழியே செய்தி வந்தது.

"ஏங்க, எங்ககிட்ட சொல்லக் கூடாதா?" என்றார் அம்மா.

"குடும்பத்தைக் காப்பாத்த வேண்டிய ஆம்பள நான். எப்படிச் சொல்றது?" என்றார் அப்பா.

எனக்குக் கோலமாவு மறுக்கப்பட்டது. அவருக்குக் கண்ணீர் மறுக்கப்பட்டிருந்தது.

இஃது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டு இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,64,033 பேரில் பத்துக்கு ஏழு பேருக்கும் மேல் ஆண்கள். காரணங்கள் பல. துன்பத்தை வாய்விட்டுச் சொல்வது ஆணுக்கு இழுக்கு என்னும் பாடமும் அவற்றுள் ஒன்று எனக் கருதுகிறேன்.

நம் மொழி ஆண்மையை இவ்வளவு குறுக்கிவிடவில்லை. வேளாண்மை, தாளாண்மை என்னும் சொற்களில் அஃது ஆளும் திறத்தைக் குறிக்கிறது. உழவும் முயற்சியும் இருபாலார்க்கும் உரியவை அல்லவா? பிறன்மனை நோக்காமையைத் திருவள்ளுவர் பேராண்மை என்கிறார். பகைவனுக்கு இடுக்கண் நேர்ந்தவிடத்து உதவுவதே வீரத்தின் கூர்மை என்றும் கூறுகிறார். தன்னை அடக்கியாள்வதும் இரங்குவதும் அவர் கண்ட ஆண்மை.

தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து கூறும் உரிமை திருநர்க்கு உண்டு என்று 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் யார் என்பதை அவர் வாயிலாகவே கேட்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் கூறிய நாட்டில், ஒரு சிறுவன் எப்படி நடக்கவேண்டும், எதை விரும்பவேண்டும் என்பதைத் தெரு முடிவுசெய்யலாமா?

மாணவர்களே, மெல்லிய குரலில் பேசும் ஒருவன் உங்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும். எல்லாரும் நகைக்கும்போது உடன் நகைப்பது எளிது. அவன் அருகில் அமர்ந்து அவன் சொல்வதைக் கேட்பதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவு ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு.