மூக்கில் அடிக்கும் இன்சுலின்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தி போட்டிருந்தார்: மூக்கில் இன்சுலின் ஸ்ப்ரே அடித்தால் மறதி நோய் ஓடிவிடுமாம். கீழே வரிசையாகக் கும்பிடு. பெரியம்மாவுக்கு அல்சைமர் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் குழுவில் வராத வைத்தியமில்லை.

ஆனால் இது முழுப் புரளியும் இல்லை. நினைவைக் காக்கும் மூளைப் பகுதிகளிலும் இன்சுலினுக்கு வேலை உண்டு. அல்சைமரில் அது மந்தமாகிறது. ஊசியில் ஏற்றினால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். மூக்கின் உச்சியில் படும்படி அடித்தால் வாசனை நரம்பை ஒட்டிக் கொஞ்சம் நேராக மூளைக்கே போகும். அழகான யோசனை! அமெரிக்காவில் சூசன் கிராஃப்ட் குழு 104 பேரிடம் நான்கு மாதம் சோதித்து 2012-இல் வெளியிட்டது. தினம் 20 யூனிட் எடுத்தவர்கள், கேட்ட கதையைச் சற்று நேரம் கழித்தும் நன்றாகச் சொன்னார்கள்.

2020-இல் வந்த பெரிய ஆய்வு காலை வாரிவிட்டது. முதல் ஸ்ப்ரே கருவி அடிக்கடி மக்கர் செய்ய, பாதி வழியில் வேறு கருவிக்கு மாறினார்கள். அதில் 240 பேர், 12 மாதம். பாதிப் பேருக்கு தினம் 40 யூனிட் இன்சுலின், மீதிப் பேருக்கு வெறும் திரவம். நினைவாற்றலில் வித்தியாசமே இல்லை. பழைய கருவியிலிருந்த 49 பேரிடம் மட்டும் ஏதோ நல்ல அறிகுறி தெரிந்ததாம். மருந்து தோற்றதா, கருவியா? எனக்குக் கருவி மேல்தான் சந்தேகம்.

சித்தப்பாவுக்கு போன் போட்டேன்.

"அப்ப வேணாங்கறியா?"

"இப்போதைக்கு வேணாம். ஃபிரிட்ஜ்ல இருக்கற உங்க இன்சுலினைப் பெரியம்மா மூக்குல ஊத்திடாதீங்க, சித்தப்பா."