ஹிரோஷிமாவில் ஒரு டிராம் பயணம்

ஹிரோஷிமாவில் இறங்கும் பயணி, துக்க வீட்டுக்குள் நுழைபவர்போலக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். ஊரோ கலகலப்பாக இருக்கிறது. டிராமில் ஏறினால் பள்ளிப் பிள்ளைகளின் சிரிப்பு, காய்கறிப் பையோடு பாட்டிமார்களின் அரட்டை. அணுகுண்டுக் கூடம் என்பது அவர்களுக்கு வழியில் வரும் ஒரு நிறுத்தம்.

அந்த நிறுத்தத்தில் இறங்கினால், ஆற்றங்கரையில் எலும்புக்கூடாய் நிற்கிறது கட்டடம். செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்செலின் வடிவமைப்பில் 1915ல் எழுந்தது. பார்க்கும்போதெல்லாம் வலிக்கிறது, இடித்துவிடுங்கள் என்று உள்ளூரிலேயே குரல் எழுந்ததுண்டு. பாதுகாப்பது என்று மாநகர சபை 1966ல் முடிவெடுத்தது.

எதிர்க்கரையில் அருங்காட்சியகம். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு நின்றுபோன கைக்கடிகாரம். அடுத்து, மூன்று வயதுச் சிறுவன் ஓட்டிக்கொண்டிருந்த மூன்று சக்கர சைக்கிள், கருகித் துருவேறிக் கிடக்கிறது. பயணி கேமராவை உயர்த்துகிறார். படம் எடுக்காமலே இறக்கிவிடுகிறார்.

வெளியே மறுபடியும் டிராம் சத்தம். இப்போது அது வேறு மாதிரி கேட்கிறது. குண்டு விழுந்த மூன்றே நாளில், ஆகஸ்ட் 9 அன்று, நகரின் ஒரு பகுதியில் டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. ஆண்கள் போர்முனைக்குப் போயிருந்த அந்தக் காலத்தில் டிராம் ஓட்டியவர்களில் பள்ளி மாணவிகளும் இருந்தார்கள். குண்டில் சேதமடைந்து பழுது பார்க்கப்பட்ட 651, 652 எண் வண்டிகள் இன்னமும் ஓடுகின்றன. காலை நெரிசலில் அவற்றில் தொற்றிக்கொள்பவர்களின் கவலை, நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான்.