லிந்தாங் சாலையில் ஓர் ஆமைக் கார்

எங்கள் வீட்டுக் காரின் ஸ்டியரிங்கை மூன்று விரற்கடை திருப்பினாலும் சக்கரம் அசையாது. நான்காவது விரற்கடையில்தான் கார் "என்ன வேண்டும்?" என்று கேட்கும். 1961-ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன். மலாய்க்காரர்கள் 'கெரெத்தா கூரா' என்பார்கள், நமக்கு ஆமைக் கார். சுங்கை சிப்புட்டுக்குக் கிழக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்த அப்பா, 1974-இல் பழைய காராகவே வாங்கினார். தோட்டத்தில் துரைக்கு லேண்ட்ரோவர், டிரெசருக்கு மோரிஸ் மைனர், மற்றவர்களுக்கு சைக்கிள். பிரட்டுக்களத்தின் ஓரத்தில் அந்தச் சாம்பல்நிற ஆமை நின்றால் அப்பா ஆபீஸில் இருக்கிறார் என்று அர்த்தம்.

அந்த ஆட்டம் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒரு குறையாகத் தெரியவே இல்லை. இருபது மைல் வேகத்துக்கு மேல் யார் போனார்கள்? தெரிந்த இடம் மெனோரா சுரங்கப்பாதை.

போன ஆண்டு பள்ளி விடுமுறையில் மகளைக் கோல கங்சாருக்கு அழைத்துப் போனேன். மாவட்ட அலுவலகத்தின் முன்னால் நிற்கும் பழைய ரப்பர் மரத்தைக் காட்ட வேண்டும் என்பது பல நாள் ஆசை. 1877-இல் நடப்பட்டவற்றில் எஞ்சிய மரம். நம் தாத்தா, பாட்டிகள் கப்பலேறி வந்ததற்கு இதன் வம்சமும் ஒரு காரணம் என்றேன். அவள் பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் கேட்டாள்.

திரும்பும்போது பழைய சாலையை விட்டு நெடுஞ்சாலையில் ஏறினேன். தப்பு என்னுடையது. சுரங்கத்தைத் தாண்டி ஜெலாப்பாங் பக்கம் இறங்கும் வளைவுகளை ஈப்போக்காரர்கள் அறிவார்கள். சரக்கு லாரி ஒன்று என்னைக் கடந்தது. அதன் காற்று காரை இடப்பக்கம் தள்ள, நான் வலப்பக்கம் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் திருப்பினேன். சட்டென்று பிடித்துக்கொண்டு கார் பக்கத்துத் தடத்துக்குள் பாய்ந்தது. நல்லவேளை, அங்கே யாரும் இல்லை. பின்னால் வந்தவர் அடித்த ஹார்ன் மட்டும் வீடு வரை காதில் இருந்தது.

அன்று இரவு என் மனைவி சத்தம் போடவில்லை. "பாப்பா இனி அதுல ஏறமாட்டா" என்றாள், அவ்வளவுதான். தம்பி, நல்ல விலை போகும், விற்றுவிடலாம் என்றான். அப்பாவிடம் கேட்டேன். "அதுக்கு ஒண்ணும் இல்லப்பா. அது அப்படித்தான் ஓடும். நீ கொஞ்சம் முன்னாடியே திருப்பணும்" என்றார்.

நிலக்கடலைக்குப் பேர்போன மெங்லெம்புவில் ஒரு பட்டறை. தவுக்கேக்கு எழுபது வயதிருக்கும். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகவே வரும். காரைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுக்கவில்லை. என்னை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் ஆட்டச் சொன்னார். தான் கீழே படுத்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பாகக் கைவைத்துப் பார்த்தார். சக்கரங்களை இழுக்கும் தண்டுகளின் முனைகள் தேய்ந்திருக்கலாம், கிங்பின் ஆடலாம், ஸ்டியரிங் தண்டையும் பெட்டியையும் இணைக்கும் ரப்பர் கப்ளிங் கிழிந்திருக்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் பெட்டியைக் குற்றம் சொல்லக்கூடாது என்பது அவர் கட்சி. கப்ளிங் வெடித்துத்தான் இருந்தது. ஆனால் பெட்டிக்குள் போகும் தண்டு திரும்பியபோதும், பெட்டியிலிருந்து வெளியே வரும் கை அசையாமல் நின்றது.

"யாரோ ஸ்குருவை நல்லா இறுக்கி வெச்சிருக்காங்க தம்பி. இனி இறுக்க இடமில்ல" என்றார்.

அந்த 'யாரோ' அப்பாதான். பெட்டியின் மேல் ஒரு திருகு உண்டு. ஆட்டம் வந்தால் அதை இறுக்கலாம். சிக்கல் என்னவென்றால், நேராக ஓட்டும் நேரமே அதிகம் என்பதால் பெட்டியின் பற்கள் நடுவில்தான் முதலில் தேயும். நடுவில் உள்ள ஆட்டம் போகும்வரை இறுக்கினால், தேயாத ஓரங்களில் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. எங்கள் கார் இரண்டு நோயும் சேர்ந்த நோயாளி.

அதே பெட்டியைத் தேடி மாட்டுவதா, நல்லதாக மாற்றுவதா என்பது அடுத்த கேள்வி. 1961 வரை வந்த பெட்டியில் உலோகம் உலோகத்தின் மேல் உரசியே நகரும். 1962 மாடலிலிருந்து நிறுவனமே அதைக் கைவிட்டு, திருகுத் தண்டின் மேல் ஓர் உருளை உருளும்படி வைத்தது. உரசுவதைவிட உருள்வது இலகு, தேய்மானமும் குறைவு. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, முன் அச்சுக் குழாயில் அதே மாதிரிக் கவ்வி நிற்கும். காரை வெட்டாமல் செய்யும் மேம்பாடு. மோரிஸ் மைனரைப் போல ரேக் ஸ்டியரிங் வைத்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். அதற்காக முன்பக்கத்தை அறுக்க எனக்கு மனம் வரவில்லை.

கிடைப்பதுதான் பாடு. வெளிநாட்டில் விற்கும் புதுப் பெட்டிகளில் பெரும்பாலானவை இடப்பக்கம் அமர்ந்து ஓட்டும் கார்களுக்கானவை. நமக்கு அவை உதவா. மூன்று மாதம் தேடி, வலப்பக்க ஓட்டுக்கான உருளைப் பெட்டி ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தது. தவுக்கே அதைப் பிரித்து, பேரிங்கும் எண்ணெய்ச் சீலும் மாற்றினார். விலையில் பாதியைத்தான் வீட்டில் சொன்னேன்.

மாட்டியது ஒரு சனிக்கிழமை. பெட்ரோல் டாங்கியைக் கழற்றி இடம் பண்ணினார். பழைய பெட்டியின் கையை இழுவைக் கருவி வைத்துக் கழற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. புதியதை மாட்டுமுன் தண்டைக் கடைசிவரை இடமும் வலமும் சுற்றி, எண்ணி, சரி நடுவில் நிறுத்தினார். பெட்டி நடுவில் இருக்கும்போது சக்கரமும் நேராக இருக்க வேண்டும். ஸ்டியரிங் கோணலாக நிற்கிறதே என்று அதை மட்டும் கழற்றி நேராக்கினால், பெட்டி என்றும் நடுவுக்கு வராது. அதன்பின் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்தார். இப்போது ஒரு விரற்கடைகூட ஆட்டமில்லை. மெங்லெம்புவிலிருந்து வீடு வரை ஒரு கையால் ஓட்டி வந்தேன், கொஞ்சம் கர்வத்தோடு.

மறுநாள் அப்பாவை முன்னால் உட்காரவைத்து, சிம்மோர் வழியாகப் பழைய சாலையில் சுங்கை சிப்புட் போனேன். துன் சம்பந்தனின் ஊர். தோட்டங்கள் துண்டுதுண்டாக விலைபோன காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து வாங்கட்டும் என்று 1960-இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதை அப்பா வழக்கம்போல் சொன்னார். எங்கள் தோட்டம் அந்தக் கணக்கில் வரவில்லை, கைமாறிக் கைமாறி யாருடையதோ ஆனது. லிந்தாங் சாலையில் எல்பில் தோட்டத்தின் பெயர் வந்ததும் 1948 ஜூன் 16-இல் அங்கே துரை சுடப்பட்டதையும், அவசரகாலம் வந்ததையும் சொன்னார். இரண்டு கதையும் மகளுக்குத் தெரியும். அவள் பின்சீட்டில் இல்லாததுதான் குறை.

தோட்டத்தில் வரிசை வீடுகள் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே புதுச் சாயத்தோடு நிற்கிறது. கோயில் முன்னால் சாவியை அப்பாவிடம் கொடுத்தேன். எழுபத்தொன்பது வயது, ஆனால் உட்கார்ந்த விதம் மாறவில்லை.

முதல் வளைவிலேயே காரை வாய்க்கால் பக்கம் இழுத்துவிட்டார். பிரேக் அடித்து நின்றோம். நான் திகைத்தேன், அவரும்தான். பெட்டி சரியாகத்தான் இருந்தது. அவர் கை வழக்கம்போல 'கொஞ்சம் முன்னாடியே' திருப்பியிருந்தது. நாற்பது வருடமாக அந்த ஆட்டத்தில் பாதி காரிலும் பாதி அவர் கையிலும் இருந்திருக்கிறது. காரில் இருந்ததை மட்டும்தான் நாங்கள் மாற்றியிருந்தோம்.

"எடுத்துக்கிறீங்களா, நான் ஓட்டட்டுமா?" என்றேன்.

பதில் சொல்லவில்லை. பின்னுக்கு எடுத்து, நடக்கிற வேகத்தில் கோயிலை ஒருமுறை சுற்றினார். இரண்டாவது சுற்றில் கை கொஞ்சம் தாமதிக்கக் கற்றுக்கொண்டது. மூன்றாவதில் கோயில் வாசலைக் கடக்கும்போது பழைய வழக்கப்படி ஹார்ன் அடித்தார். சத்தமே வரவில்லை. கப்ளிங் வழியாகப் போகும் ஹார்ன் கம்பியைத் தவுக்கே மாட்ட மறந்திருக்கிறார்.

"உன் புதுப் பெட்டிக்கு வாய் இல்லப்பா" என்று சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி மெங்லெம்பு போக வேண்டும். அப்பாவும் வருகிறாராம். பழைய பெட்டியைத் துணியில் சுற்றி முன் பூட்டில் வைத்திருக்கிறார், இரும்புக்குப் போடக்கூடாதாம். மகள் வரலாமா என்பதற்கு மட்டும் வீட்டில் இன்னும் அனுமதி வரவில்லை.